சிறிய கேமராவுடன் கடலடியில் படமெடுக்கத் தொடங்குதல்

கடலுக்கு அடியில் படமெடுக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எந்தக் கேமராவை வாங்கலாம் என்றுதான். அதற்கும் இந்தப் பதிவில் பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீருக்கடியில் ஒரு படம் நன்றாக வருவதும் வீணாவதும், லென்ஸுக்கும் எதிரே உள்ள உயிருக்கும் நடுவே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை வைத்தே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அந்தத் தண்ணீரைக் குறைத்தால் நிறம் மீள்கிறது, கூர்மை கூடுகிறது, மங்கல் விலகுகிறது. கைக்குள் அடங்கும் டிஜிட்டல் கேமராக்கள் மிக அருகே சென்று ஃபோகஸ் செய்யக்கூடியவை என்பதால், தொடக்கநிலையில் இருப்பவருக்கு அவை விலையுயர்ந்த பெரிய கேமராக்களைவிட அதிகமாகவே கைகொடுக்கின்றன. இலங்கையின் நிலாவெளியிலும் அந்தமானின் ஹேவ்லாக் தீவிலும் இத்தகைய கேமராவைக் கொண்டுதான் நான் பழகினேன். கீழே எழுதியிருப்பவை அந்தப் பழக்கத்தில் உறுதிப்பட்டவை.

சூரிய ஒளியில் உள்ள நிறங்களைத் தண்ணீர் ஒரே சீராக உறிஞ்சுவதில்லை. முதலில் போவது சிவப்பு. ஏறத்தாழ 5 மீட்டர் ஆழத்திலேயே அதன் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது. 10 மீட்டரை ஒட்டி ஆரஞ்சும், 20 மீட்டரை ஒட்டி மஞ்சளும் மங்கிப்போக, அதற்குக் கீழே பச்சையும் நீலமுமே மிஞ்சுகின்றன. என் கேமராவின் கைவாரில் ஒரு சிவப்பு நைலான் கயிற்றைக் கட்டியிருக்கிறேன். படகில் இருக்கும்போது பளிச்சென்ற சிவப்பாக இருக்கும் அந்தக் கயிறு, இறங்க இறங்கப் பழுப்பாகி, 10 மீட்டரைத் தாண்டியதும் கறுப்பா கரும்பச்சையா என்று சொல்ல முடியாத ஒரு நிறத்தை அடைந்துவிடும். அப்போது டார்ச்சை அதன்மேல் அடித்தால் அந்த நொடியே மறுபடியும் சிவக்கும். நிறம் கயிற்றைவிட்டு எங்கும் போய்விடவில்லை, அதை எடுத்துக்காட்டும் ஒளிதான் அங்கே வந்து சேரவில்லை என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

இந்த இழப்பை ஆழத்தை மட்டும் வைத்துக் கணக்கிடுவது போதாது. ஒளி மேலிருந்து மீனை அடையும் தூரத்தோடு, மீனிலிருந்து லென்ஸை அடையும் தூரத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வெறும் 2 மீட்டர் ஆழத்தில் இருக்கும் ஒரு மீனை 3 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால், அந்த ஒளி கடந்து வந்த தண்ணீர் 5 மீட்டர். ஆழமில்லாத இடத்தில் எடுத்த படங்களும் நீலமாகவே வருகின்றன என்று சொல்பவர்களின் படங்களைப் பார்த்தால், அநேகமாக எல்லாமே தொலைவிலிருந்து எடுக்கப்பட்டவையாக இருக்கும். இதில் கண்ணும் நம்மை ஏமாற்றுகிறது. தண்ணீரிலிருந்து முகமூடியின் கண்ணாடி வழியாகக் காற்றுக்குள் வரும் ஒளி விலகுவதால், 1 மீட்டர் தொலைவில் உள்ள மீன் முக்கால் மீட்டரில் இருப்பதுபோலவும், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தோன்றுகிறது. போதுமான அளவு நெருங்கிவிட்டோம் என்று மனம் சொல்லும் இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் நெருங்கினால்தான் உண்மையில் நெருங்கியதாகும்.

ஒளியை உடன் கொண்டுபோகாமல் கடலடியில் நிறத்தைப் பிடிக்க முடியாது என்பது இந்தக் கலையின் தொடக்கக் காலத்திலேயே தெரிந்துவிட்டது. 1926இல் ஃபுளோரிடாவை ஒட்டிய டிரை டோர்டுகாஸ் தீவுப் பகுதியில் வில்லியம் லாங்லி என்ற அறிவியலாளரும், நேஷனல் ஜியாகிரபிக்கின் புகைப்படக்காரரான சார்லஸ் மார்ட்டினும் கடலுக்கடியில் முதன்முதலாக வண்ணப் படங்களை எடுத்தபோது, நீர்ப்பரப்பின்மேல் ஒரு மிதவையில் மெக்னீசியத் தூளை வைத்து வெடிக்கச் செய்துதான் தேவையான வெளிச்சத்தைப் பெற்றார்கள். அந்தப் படங்கள் 1927 ஜனவரி இதழில் வெளியாயின. அவர்கள் உயிரைப் பணயம் வைத்துப் பெற்ற வெளிச்சத்தை இன்று உள்ளங்கையளவு ஃபிளாஷ் தந்துவிடுகிறது. தூரத்தைக் குறைக்கும் வேலை மட்டும் அன்றுபோலவே இன்றும் புகைப்படக்காரரின் கையில்தான் இருக்கிறது.

இனி கேமராவுக்கு வருவோம். சந்தையில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, தானே நீர்புகாத கேமரா. ஒலிம்பஸ் நிறுவனம் 2019இல் வெளியிட்ட டிஜி-6, அதன் தொடர்ச்சியாக 2023இல் ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் வந்த டிஜி-7 ஆகியவை இந்த வகையில் பலரும் நம்பிப் பயன்படுத்துபவை. இவற்றை வெறுமனே 15 மீட்டர் ஆழம்வரை கொண்டுபோகலாம். அதற்கென்றே செய்யப்பட்ட பிடி-059 என்ற ஹவுசிங்கில், அதாவது நீர்புகாத கூட்டில், பூட்டினால் 45 மீட்டர்வரை தாங்கும். மைக்ரோஸ்கோப் என்ற அமைப்பில் லென்ஸின் முன்பக்கத்திலிருந்து 1 செ.மீ. தொலைவிலும் ஃபோகஸ் கிடைக்கும். மற்றொரு வழி, சோனி ஆர்எக்ஸ்100, கேனான் ஜி7எக்ஸ் போன்ற, 1 அங்குலச் சென்சார் (ஒளியைப் படமாகப் பதியும் சில்லு) கொண்ட கேமராவை வாங்கி அதற்கு ஹவுசிங் போடுவது. டிஜி வரிசையின் சென்சார் 1/2.3 அங்குலம்தான் என்பதால், மங்கிய வெளிச்சத்தில் ஆர்எக்ஸ்100இன் படம் தெளிவாகவே மேலானது. ஆனாலும் தொடங்குகிறவருக்கு நான் டிஜியைத்தான் சொல்வேன். ஹவுசிங்கில் கொஞ்சம் தண்ணீர் புகுந்தாலும் உள்ளே இருக்கும் கேமரா பிழைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. கூடுதல் லென்ஸ் எதுவும் இல்லாமல் விரல் நகத்தளவு உயிரையும் படமெடுக்கலாம். மூச்சுக்குழாயோடு நீர்ப்பரப்பிலேயே நீந்தும் ஸ்நார்க்கலிங் போகும் நாளில் ஹவுசிங்கை அறையிலேயே வைத்துவிட்டுக் கேமராவை மட்டும் எடுத்துப் போகலாம். கோப்ரோ போன்ற ஆக்‌ஷன் கேமராக்கள் அகன்ற காட்சிகளைக் காணொளியாக எடுக்க மிக நல்லவை. ஆனால் அவற்றின் ஃபோகஸ் நிலையானது என்பதால், நான் இங்கே வலியுறுத்தும் நெருக்கமான படங்களுக்கு அவை ஏற்றவை அல்ல. செல்பேசியை ஒளிபுகும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; தண்ணீருக்குள் தொடுதிரை நம் விரலுக்குக் கட்டுப்படாது.

ஹவுசிங் வாங்கியவர் முதலில் கற்க வேண்டியது ஓ-ரிங்கைப் பராமரிப்பது. கடல்நீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அவ்வளவு அழுத்தத்தையும் உள்ளே விடாமல் தடுப்பது அந்த மெல்லிய ரப்பர் வளையம் ஒன்றுதான். அதன் குறுக்கே ஒரு தலைமுடி கிடந்தாலும் தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும். முந்தின இரவே, அவசரமில்லாத நேரத்தில், வளையத்தைக் கூரான எதையும் கொண்டு நெம்பாமல் இரு விரல்களால் பிதுக்கி எடுத்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பாருங்கள். நேரே பார்த்தால் தெரியாத மணலும் நூலிழையும் சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். பள்ளத்தையும் நூல் விடாத துணியால் துடைக்க வேண்டும். பஞ்சு சுற்றிய குச்சியை இதற்குப் பயன்படுத்தினால் அதுவே இழைகளை விட்டுச்செல்லும். ஹவுசிங்குடன் தரப்பட்ட கிரீஸை, வளையம் இலேசாக மின்னும் அளவுக்குத் தடவினால் போதும். தண்ணீரைத் தடுப்பது ரப்பர்தான். கிரீஸ் அந்த ரப்பர் வறண்டுபோகாமல் வழுக்கி அமர மட்டுமே உதவுகிறது, அதிகமானால் தூசியை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். புதிய ஹவுசிங்கை முதன்முதலாக இறக்கும்போது கேமரா இல்லாமல் உள்ளே ஒரு மெல்லிய காகிதத்தை மட்டும் வைத்து இறக்கிப் பாருங்கள். காகிதம் உலர்ந்து வந்தால் அடுத்த முறை கேமராவை வைக்கலாம்.

நம் கடற்கரைகளில் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்றோடு ஹவுசிங்கை மூடினால், கீழே தண்ணீரின் குளிர்ச்சி பட்டதும் உள்ளிருக்கும் ஈரம் கண்ணாடியில் பனிபோலப் படிந்துவிடும். ஏசி அறையில் மூடுவதும், உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பையைச் செருகுவதும், படகில் ஈரத்துணியால் மூடி வெயிலிலிருந்து காப்பதும் இதைத் தவிர்க்கப் போதுமானவை. சன்ஸ்கிரீன் பூசிய விரல்கள் கண்ணாடியிலும் ஓ-ரிங்கிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் இறங்கியதும் கண்ணாடியின்மேல் ஒட்டியிருக்கும் சிறு காற்றுக்குமிழ்களை விரலால் ஒரு முறை வழித்துவிட வேண்டும். அதைச் செய்யாத படங்களில் வட்டவட்டமாக மங்கல் விழுந்திருக்கும்.

கேமராவைவிட முக்கியமானது உடல். முதுகில் காற்று உருளையோடு மூழ்கும் ஸ்கூபாவைச் செய்ய நினைப்பவர்கள், ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலைப் பயிற்சியை முடித்து, தண்ணீருக்குள் மேலேயும் போகாமல் கீழேயும் மூழ்காமல் ஒரே உயரத்தில் நிற்கும் சமநிலை கைவந்த பிறகே கேமராவைக் கையில் எடுக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். படமெடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளத் தோன்றுவது இயல்பு. ஆனால் ஸ்கூபாவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே எழுவது உயிருக்கே ஆபத்தானது. 10 மீட்டரில் நுரையீரலில் இருக்கும் காற்று, நீர்ப்பரப்பை அடைவதற்குள் இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். ஆகவே சீராக மூச்சை வெளியே விட்டுக்கொண்டே ஷட்டரை அழுத்தப் பழகிக்கொள்ள வேண்டும். ஒரு உயிரைப் படமெடுத்து முடித்து அடுத்ததைத் தேடும் ஒவ்வொரு முறையும் காற்றளவைக் காட்டும் கருவியைப் பார்த்து, உடன் வந்தவர் எங்கே இருக்கிறார் என்றும் பார்ப்பது பழக்கமாகிவிட வேண்டும். ஸ்நார்க்கலிங் செய்பவர்களுக்கு வேறோர் எச்சரிக்கை: நீண்ட நேரம் கீழே இருக்கலாம் என்று எண்ணி வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு முக்குளித்தால், எந்த அறிகுறியும் இல்லாமல் நினைவிழக்க நேரிடும். தனியாக முக்குளிக்கவே கூடாது.

கேமராவின் பொத்தான்களைக் கடலில் போய்க் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு பக்கெட்டில் தண்ணீர் நிரப்பி, அடியில் ஒரு ரூபாய் நாணயத்தையோ சங்கையோ போட்டு, ஹவுசிங்கில் இருக்கும் கேமராவை அமிழ்த்தி, கண்ணால் பார்க்காமல் விரலால் தடவியே மைக்ரோஸ்கோப் அமைப்புக்கு மாற்றவும், ஃபிளாஷை இயக்கவும், வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்யும் வைட் பேலன்ஸை அமைக்கவும் பழகிக்கொள்ளலாம். நாணயத்தின் விளிம்பில் உள்ள கோடுகள் தெளிவாக விழும் தூரம் எது என்பது கைக்குப் பழகிவிட்டால், கடலில் அந்தத் தூரத்தைத் தேடி நேரத்தை இழக்க மாட்டீர்கள்.

அமைப்புகளைப் பொறுத்தவரை நான் கடைப்பிடிப்பவை சிலவே. படங்களை, கேமரா மெருகேற்றாமல் அப்படியே சேமிக்கும் ரா கோப்பாகவும் சேர்த்துப் பதிவுசெய்வேன். சிறிய சென்சாரில் புள்ளிகள் தெரியத் தொடங்கும் என்பதால், ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 800ஐத் தாண்டாதபடி வரம்பு வைப்பேன். வெண்மணலும், மீனின் வெள்ளைப் பட்டையும், மேலிருந்து விழும் வெயிலும் வெளிறிப்போகாமல் இருக்க ஒளியளவை அரைப்படியோ முக்கால் படியோ குறைத்து வைப்பேன். ஃபோகஸ் புள்ளியை நடுவில் ஒன்றாக மட்டும் வைத்துக்கொண்டு மீனின் கண்ணுக்கு அதைக் கொண்டுபோவேன். ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கும்போது, வெள்ளைப் பலகை ஒன்றைப் படமெடுக்கப்போகும் ஆழத்திலேயே வெளிச்சம் படும்படி பிடித்து, அதைக் காட்டி வைட் பேலன்ஸை அமைத்துக்கொள்ள வேண்டும். சில மீட்டர் இறங்கினாலோ ஏறினாலோ அதை மறுபடியும் செய்ய வேண்டும். இதற்குப் பொறுமையில்லாதவர்களுக்காக டிஜி கேமராக்களில் ஆழத்துக்கு ஏற்ற மூன்று நீரடி அமைப்புகள் இருக்கின்றன. ஆனால் ஃபிளாஷ் போட்டு நெருங்கி எடுக்கும்போது இந்த நீரடி அமைப்பில் இருந்தால் படம் முழுவதும் சிவப்பு அப்பிக்கொள்ளும். அப்போது தானியங்கி வைட் பேலன்ஸுக்குத் திரும்பிவிடுங்கள். ஜூமைத் தொடவே தொடாதீர்கள். மைக்ரோஸ்கோப் அமைப்பைத் தவிர மற்ற நேரங்களில், ஜூம் செய்வது என்பது நடுவிலுள்ள தண்ணீரை அப்படியே வைத்துக்கொண்டு மீனைப் பெரிதாக்கும் வேலைதான்.

தொடக்கத்தில் எதைப் படமெடுப்பது? ஓரிடத்தில் நிலையாக இருக்கும் சிறிய உயிர்களை என்பேன். கிறிஸ்துமஸ் மரப் புழு என்று அழைக்கப்படும் உயிரைப் போல ஒரு நல்ல ஆசிரியர் வேறில்லை. உருண்டு திரண்ட பவளத்தின் உள்ளே தனக்கென ஒரு குழாயைக் கட்டிக்கொண்டு வாழும் இந்தப் புழு, வெளியே நீட்டுவது சுருள்சுருளாக ஏறும் இரண்டு இறகுக் கூம்புகளை மட்டுமே. அவற்றைக் கொண்டே அது மூச்சுவிடுகிறது, நீரில் மிதந்து வரும் உணவையும் பிடிக்கிறது. மஞ்சள், நீலம், வெள்ளை, கருஞ்சிவப்பு என்று ஒரே பவளத்தின்மேல் பல நிறங்களில் அவை நிற்கும். உயரம் இரண்டு மூன்று செ.மீ.தான் இருக்கும். நம் நிழல் அதன்மேல் விழுந்தாலோ, நாம் கைவீசித் தண்ணீர் அசைந்தாலோ, கண்ணிமைக்கும் நேரத்தில் இரண்டு கூம்புகளும் உள்ளே போய்விடும். குழாயின் வாயைச் சிறு மூடி ஒன்று அடைத்துக்கொள்ளும். அசையாமல் காத்திருந்தால், சற்று நேரத்தில் மூடி விலகி, மடிந்த இறகுகள் ஒவ்வொரு சுற்றாக விரிவதைப் பார்க்கலாம். சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது, என் நிழல் எங்கே விழுகிறது, என் மூச்சால் உடல் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பவற்றையெல்லாம் இந்தப் புழு நமக்குக் கற்றுக்கொடுத்துவிடும். அதைப் பக்கவாட்டிலிருந்து, பின்னால் நீலம் தெரியும்படி, ஐந்தாறு செ.மீ. தொலைவில் எடுத்துப் பாருங்கள். இறகின் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகப் பதியும்.

அடுத்ததாகக் கோமாளி மீன். பூப்போன்ற உயிரான கடல் சாமந்தியைவிட்டு (அனிமோன்) அது அதிக தூரம் போவதில்லை என்பதால், துரத்த வேண்டிய தேவையே இல்லை. கடலில் எந்த மீனையும் துரத்தி எடுத்த படத்தில் வால்தான் இருக்கும். சாமந்தியின் மட்டத்துக்கு நம் கண்மட்டத்தைத் தாழ்த்தி, மீன் திரும்பத் திரும்ப வந்துபோகும் இடம் எது என்று சற்று நேரம் பார்த்திருந்து, அந்த இடத்தில் ஃபோகஸை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். தன் எல்லைக்குள் யாரோ வந்திருக்கிறார்கள் என்று பார்க்க அது நேரே லென்ஸை நோக்கி வரும். அப்போது இரு கண்களும் தெரியும். சாமந்தியின் அடியில் பாறையோடு ஒட்டியபடி ஆரஞ்சு நிற முட்டைகள் தெரிந்தால், ஆண் மீன் அவற்றுக்குச் செட்டையால் தண்ணீரை விசிறிக்கொண்டிருக்கும். அத்தகைய நேரத்தில் இரண்டு மூன்று படங்களோடு விலகிவிடுவதே அந்த உயிருக்கு நாம் செய்யும் மரியாதை.

கேமராவின் உள்ளே இருக்கும் ஃபிளாஷைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அது லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால், கேமராவுக்கும் மீனுக்கும் நடுவே மிதக்கும் நுண்ணுயிர்களையும் மணல்துகள்களையும் முகத்துக்கு நேரே ஒளியூட்டிவிடுகிறது. பனிமூட்டத்தில் வண்டியின் முன்விளக்கைப் பெரிதாக்கினால் சாலை மறைந்து பனி மட்டும் வெள்ளையாகத் தெரிவதைப் போலத்தான். படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள் விழுவதற்கு இதுவே காரணம். ஆகவே, அரை மீட்டருக்கு அப்பால் உள்ள எதற்கும் உள்ளிருக்கும் ஃபிளாஷைப் பயன்படுத்தாதீர்கள். அதற்குள் உள்ளவற்றுக்குத் தயங்காமல் பயன்படுத்துங்கள். நடுவே இருக்கும் தண்ணீர் ஒரு சாண் மட்டுமே என்றால், அதிலுள்ள துகள்களும் குறைவாகத்தான் இருக்கும். ஹவுசிங்கின் முன்னால் மாட்டும் வெண்ணிற டிஃப்யூசரைக் கழற்றவே வேண்டாம். அது ஒளியைப் பரப்பி, லென்ஸின் நிழல் படத்தின் மூலையில் விழாமல் தடுக்கிறது. ஃபிளாஷ் எட்டாத காட்சிகளுக்கு, அன்றைய தண்ணீரில் எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறதோ அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் நின்று எடுப்பது நல்ல வழக்கம். 10 மீட்டர் தெளிவு என்றால் 2 மீட்டருக்குள் நெருங்கிவிட வேண்டும்.

எங்கே, எப்போது போவது என்பதும் இதே கணக்கில்தான் வருகிறது. திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் 1 கி.மீ. தொலைவில் இருக்கும் புறாமலைத் தீவு, 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். இடுப்பளவு தண்ணீரிலேயே பவளமும் கிளிமீன்களும் வண்ணத்துப்பூச்சி மீன்களும், கொஞ்சம் தள்ளிப் போனால் கருமுனைச் சுறாக்களும் இருப்பதால், ஸ்கூபா தெரியாதவர்களும் இங்கே கற்றுக்கொள்ளலாம். "வெள்ளன போனாத்தான் தண்ணி தெளிவா இருக்கும், தம்பி" என்று எங்களை அழைத்துச் சென்ற படகோட்டி அண்ணன் சொன்னது முழு உண்மை. பத்து மணிக்குப் பிறகு கூட்டம் கூடி, கால்கள் மணலைக் கிளறிவிட்டால், படமெடுக்க ஏதுமில்லாமல் போகும். வெளிச்சத்துக்காக உச்சிவெயிலை நாடலாம் என்று நூல்கள் சொல்வது ஆழத்துக்குப் பொருந்தும். இரண்டு மீட்டர் நீரில் காலை வெயிலே தாராளம். உச்சிவேளையில் அலைகளின் வழியே விழும் ஒளிக்கோடுகள் மீனின் முகத்தில் வரிவரியாக ஓடி படத்தைக் கெடுப்பதும் உண்டு. ஹேவ்லாக் தீவில் பருவம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. அங்கே டிக்சன்ஸ் பினக்கிள் போன்ற ஆழமான இடங்களின் பெயரே எல்லோர் வாயிலும் அடிபடுகிறது. ஆனால் கேமராவோடு முதன்முதலாக இறங்குபவர்கள், ஆழம் குறைந்த நீமோ ரீஃப் பக்கம் நேரத்தைச் செலவிடுவதே நல்லது. ஆழம் குறைவென்றால் காற்று நீண்ட நேரம் வரும். நிறமும் கூடுதலாகக் கிடைக்கும்.

பவளத்தின்மேல் கை வைக்காதீர்கள், கால் வைக்காதீர்கள் என்று எல்லாப் படகிலும் சொல்கிறார்கள். ஆனால் கேமராவைப் பிடித்திருப்பவரின் கவனம் திரைக்குள் இருக்கும்போது, பின்னால் இருக்கும் துடுப்புக்கால்கள் என்ன செய்கின்றன என்று அவருக்குத் தெரிவதில்லை. உருண்டைப் பவளங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 செ.மீ. மட்டுமே வளர்கின்றன. ஒரு உதையில் உடைந்துபோகும் கையளவுப் பவளம் நம் பிள்ளைகள் பள்ளியை முடிக்கும் காலத்திலும் திரும்ப வளர்ந்திருக்காது. இந்தியாவில் கடினப் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் வைத்துக் காக்கப்படுகின்றன. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் உயிரற்ற துண்டை எடுத்துவருவதும் குற்றம். முழங்காலை மடித்து, துடுப்பு மேல்நோக்கி இருக்கும்படி மிதப்பது, நெருங்கும்போது பவளத்தின் மேலாகப் போகாமல் மணல் பக்கமிருந்து வருவது, முடித்ததும் கைகளால் மெல்லத் தண்ணீரைத் தள்ளிப் பின்வாங்குவது ஆகிய மூன்றையும் பழகிக்கொண்டால் பெருமளவு சேதத்தைத் தவிர்த்துவிடலாம். பின்வாங்க வழியில்லாத இடுக்கில் எவ்வளவு அழகான உயிர் இருந்தாலும் உள்ளே போக வேண்டாம். படத்துக்காகக் கடல் அட்டையைத் தூக்குவதும் பேத்தை மீனை உப்பவைப்பதும் எனக்குக் கோபத்தை வரவழைக்கும் செயல்கள்.

மேலே வந்ததும் ஹவுசிங்கை உடனே திறக்கக் கூடாது. நல்ல தண்ணீரில் சிறிது நேரம் ஊறவைத்து, ஒவ்வொரு பொத்தானையும் பல முறை அழுத்தி, இடுக்கில் இருக்கும் உப்பை வெளியேற்ற வேண்டும். உப்பு காய்ந்து படிகமானால் ரப்பரை அறுக்கும். தலைமுடியும் கைகளும் உலர்ந்த பிறகு, இரவில் அறையில் வைத்து ஒரே முறை திறந்து, பேட்டரியையும் கார்டையும் மாற்றிக்கொள்வதே என் வழக்கம். ஊருக்குத் திரும்பிய பிறகு, சென்னை போன்ற ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். கணினியில் ரா கோப்பைத் திறந்து வைட் பேலன்ஸைச் சூடான பக்கம் நகர்த்தினால், 5 மீட்டர் ஆழத்துக்குள் நெருங்கி எடுத்த படங்களில் நிறம் வியக்கும்படி மீண்டு வரும். ஆழத்தில், தொலைவிலிருந்து எடுத்தவற்றில் அந்த வேலை நடக்காது. பதிவாகவே செய்யாத சிவப்பைக் கூட்டினால் புள்ளிகள்தான் கூடும். அத்தகைய படங்களைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்க்கலாம். சுறாக்களும் பாறைகளும் கறுப்பு வெள்ளையில் கம்பீரமாகவே இருக்கின்றன.

ஒரு பருவம் இப்படி எடுத்துப் பழகிய பிறகு அடுத்து எதை வாங்குவது என்ற கேள்வி வரும். ஹவுசிங்கின் முன்னால் மாட்டும் அகன்ற கோண லென்ஸ், தனியாகக் கைபோல் நீளும் ஸ்ட்ரோப் என்ற வெளிப்புற ஃபிளாஷ் என இரண்டு பொருட்கள் கண்ணை இழுக்கும். தட்டையான கண்ணாடிக்குப் பின்னால் 25 மி.மீ. லென்ஸ் தண்ணீரில் 33 மி.மீ. அளவுக்கே பார்க்கும் என்பதால், அகன்ற லென்ஸ் உண்மையிலேயே பயன் தருவதுதான். ஒரு பெரிய ஆமையை அரை மீட்டரில் நெருங்கி முழுதாக எடுக்க அது தேவை. இருந்தாலும் முதலில் ஸ்ட்ரோபை வாங்குங்கள். கேமராவின் ஃபிளாஷிலிருந்து ஃபைபர் ஆப்டிக் கேபிள் வழியாகத் தூண்டப்படும் அது, பக்கவாட்டிலிருந்து ஒளியைத் தருவதால் நடுவிலுள்ள துகள்கள் ஒளிர்வதில்லை. 1 மீட்டர்வரை சிவப்பும் ஆரஞ்சும் உயிர்பெறும். விலை கேமராவின் விலையை நெருங்கும் என்பது உண்மைதான். பழையதாக நல்ல நிலையில் கிடைத்தால், பேட்டரி அறையில் பச்சை பிடித்திருக்கிறதா என்று திறந்து பார்த்து வாங்கலாம். அகன்ற லென்ஸை அதற்கடுத்த பருவத்தில் பார்த்துக்கொள்ளலாம்.